தெருவே அத்தினாபுரம்: கூத்தும் கதையும் நம் வகுப்பறையும்

ஏழாம் வகுப்புக் கட்டுரை ஏடு ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நான் போட்ட சிவப்பு வட்டத்திலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

ஜவ்வாது மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். சமவெளியில் பிறந்து வளர்ந்த நான் மாறுதலில் இங்கு வந்தேன். வந்த முதல் ஆண்டில், 'விருப்பமான கதை ஒன்றைச் சொந்தமாக எழுதுக' என்று மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். பெரும்பாலானவர்கள் முயலையும் ஆமையையும் எழுதினார்கள். சிலர் சென்னையில் நடக்கும் சினிமாக் கதை எழுதினார்கள். சென்னையைப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஒரு மாணவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்:

"பீமன் எங்கள் மலை அருவியில் குளித்தான். எங்கள் பாட்டி கொடுத்த சாமைக் கஞ்சியைக் குடித்தான். பிறகு மாமா வீட்டு மாட்டு வண்டியில் ஏறிப் பகாசுரனைக் கொல்லப் போனான். வண்டி நிறையச் சோறு இருந்தது. நானும் வண்டிக்குப் பின்னால் ஓடினேன்."

'மாமா வீட்டு மாட்டு வண்டி' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, "மகாபாரதம் நடந்தது வடநாட்டில். இடப்பிழை" என்று எழுதி, பத்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்தேன். அவன் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கட்டுரையை உரைநூலில் இருந்து எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதிக் கொண்டுவந்தான். அதற்கு அடுத்ததும் அப்படியே. நான் அதை முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை விடுமுறையில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நடந்த திரௌபதியம்மன் திருவிழாவுக்குச் சக ஆசிரியை ஒருவர் அழைத்துப்போனார். அன்று பகாசுரன் வதம். பீமன் வேடம் கட்டியவர் ஒரு மாட்டு வண்டியில் நின்றபடி தெருத்தெருவாக வந்தார். வீட்டுக்கு வீடு பெண்கள் சோறும் குழம்பும் வண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். வண்டிக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகள் கூட்டத்தில் என் மாணவனும் இருந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். மாட்டின் கயிற்றைப் பிடித்து நடந்தவரைக் காட்டி, "எங்க மாமா டீச்சர்" என்றான்.

அவன் எழுதியதில் இடப்பிழை எதுவும் இல்லை. ஒரு கதைக்குள் இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இலக்கியம் படித்து, பி.எட். முடித்து வந்த எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று. கூத்தும், கூத்தைத் தழுவி எழுந்த கதைகளும் இடத்தை எப்படிக் கையாளுகின்றன என்பதைப் பற்றி அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

கூத்துக்களத்தில் இடம் பிறக்கும் விதம்

தெருக்கூத்துக்கு மாளிகை வரைந்த திரைச்சீலை தேவையில்லை. ஒரு வெற்றுத் தரை, வெளிச்சம், பின்னால் பக்கவாத்தியக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் உட்கார ஓர் இடம், ஒரு பெஞ்சு, இருவர் பிடித்துக்கொள்ளும் சிறு திரை ஆகியவை போதும். இவற்றைக் கொண்டு இரவு முழுவதும் அரண்மனை, காடு, போர்க்களம், கைலாயம் என எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். இதை மூன்று வழிகளில் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, சொல்லால் இடம் அமைப்பது. பாத்திரம் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறது. பிறகு திரை விலகுகிறது. கட்டியக்காரன் வந்து, 'தாங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள்' என்று விசாரிக்கிறான். வந்தவர் தன் நாட்டையும் குலத்தையும் பெருமையோடு சொல்கிறார். சொல்லி முடித்த கணத்தில் அந்தத் தரை அத்தினாபுரமாகிவிடுகிறது.

இரண்டாவது, நடையால் இடம் அமைப்பது. அடவு போட்டுக் களத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு நாட்டைக் கடந்தாயிற்று. சற்று முன் அரியணையாக இருந்த அதே பெஞ்சு இப்போது தேர். அதன்மேல் ஏறி நின்றால் மலை.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் வியப்பளித்தது. ஊரையே களமாக எடுத்துக்கொள்வது அது. திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் பல நாள்கள் நடக்கும். அவற்றில் சில கட்டங்கள் களத்துக்குள் அடங்குவதில்லை. அர்ச்சுனன் தபசுக்கு ஒரு நெடுமரம் நடப்படுகிறது. அர்ச்சுனன் பாடிக்கொண்டே அதில் ஏறுகிறார். மரத்தின் உச்சிதான் கைலாயம். அங்கிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டுவோர் கீழே மடியேந்திக் காத்திருக்கிறார்கள். மாடுபிடிச் சண்டையில் ஊர் மாடுகளே விராட மன்னனின் ஆநிரை. பதினெட்டாம் போர் நாளுக்கு ஊர்ப் பொது இடத்தில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுத்த நிலையில் செய்கிறார்கள். அந்த இடம் படுகளம். பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சண்டையிடுகிறார்கள். திரௌபதி கூந்தல் முடிகிறாள். அன்று மாலை தீமிதி.

மறுநாள் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்கு அது குருக்ஷேத்திரமும்தான், நம் ஊர் மந்தைவெளியும்தான்.

இவ்விரண்டையும் இணைத்துப் பிடித்திருப்பவன் கட்டியக்காரன். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே கடைசிப் பேருந்து வராததைப் பற்றிப் பேசுகிறான், ரேஷன் அரிசியைப் பற்றிக் கேலி செய்கிறான். யாரும் குழம்புவதில்லை. துகிலுரிதல் கட்டத்தில் கண்ணீர் விட்ட பாட்டி, அடுத்த நிமிடம் பேரனைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொல்கிறார். இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் வாழத் தெரிந்தவர்கள் கூத்துப் பார்வையாளர்கள். கதை படிப்பவருக்கு வேண்டிய திறனும் இதுதான்.

கூத்தரின் வழி நம் பாடநூலில்

இதற்கான இலக்கியச் சான்றைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடியது. நன்னனிடம் பரிசு பெற்று வரும் கூத்தன், எதிரில் வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் ஊர் இன்றைய செங்கம். பாடலில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. அந்த ஆறு நம் ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது.

பாடலில் வரும் கூத்தன் அழகை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண் கல்லுக்கு எப்படித் தப்புவது, வழுக்கும் பாறையை எதைப் பிடித்துக் கடப்பது, எந்தச் சிற்றூரில் உறவினர்போல் சென்று உணவு கேட்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறான். கேட்பவர்கள் அந்த வழியை இன்னும் பார்க்கவில்லை. அவர்களுக்கு இப்போதைக்கு அது சொல்லில் மட்டும் இருக்கும் இடம். ஆனால் கால் வைத்தால் வழுக்கக்கூடிய நிஜ இடம். கற்பனைக்கும் மெய்க்கும் நடுவில் ஒரு வழிகாட்டி நிற்கிறான், அவனும் ஒரு கூத்தன்.

2019இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் மலைபடுகடாம் ஓர் இயலிலும், தெருக்கூத்து பற்றிய செய்திகள் கொண்ட 'நிகழ்கலை' பாடம் வேறோர் இயலிலும் இடம்பெற்றன. முதலில் நான் இவற்றைத் தனித்தனியாகவே நடத்தினேன். சேர்த்து நடத்தியபோது இரண்டும் உயிர்பெற்றன.

இன்றைய கதைகளில் கூத்து

கூத்தைத் தொட்டு எழுதப்பட்ட இன்றைய புனைகதைகளிலும் இடமே முக்கியமான கேள்வியாக இருக்கிறது. நம்மைப் போலவே அரசுப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் இமையத்தின் 'செடல்' நாவல் 2006இல் வெளிவந்தது. சிறுவயதில் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண் ஒருத்தி கூத்தாடியாக வாழும் வாழ்க்கை அதில் வருகிறது. அவள் களத்தில் நிற்கும் இடமும் ஊர் அவளுக்கு ஒதுக்கும் இடமும் ஒன்றல்ல. இரவில் அரசியாக நின்றவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு அதே தெருவில் வேறு ஆளாக நடக்க வேண்டும். கற்பனை இடம் கலைஞருக்குத் தரும் மதிப்பை நிஜ இடம் பறித்துக்கொள்வதை அந்த நாவலைப் படிக்கும்போது உணர்கிறோம்.

பக்கத்து மாநிலமான கேரளத்தின் கதகளி வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' (1997) கோட்டயத்துக்கு அருகில் உள்ள அய்மனம் என்ற உண்மையான ஊரில் நடக்கும் கற்பனைக் கதை. அதில் வரும் கதகளிக் கலைஞர்கள் பிழைப்புக்காக ஒரு சுற்றுலா விடுதியின் நீச்சல் குளத்தோரம் கதைகளைச் சுருக்கி ஆடிக் காட்டுகிறார்கள். பிறகு கோயிலுக்கு வந்து, தெய்வங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இரவெல்லாம் முழுமையாக ஆடுகிறார்கள். அதே கலைஞர், அதே கதை. இடம் மாறியதும் ஒன்று காட்சிப் பொருளாகவும் மற்றொன்று வழிபாடாகவும் ஆகிவிடுகிறது. நிளா ஆற்றங்கரையில் நடக்கும் அனிதா நாயரின் 'மிஸ்ட்ரெஸ்' (2005) ஒன்பது ரசங்களின் பெயரால் பகுக்கப்பட்டது. ஆட்டத்தின் இலக்கணமே அங்கே நாவலின் அமைப்பாகிறது.

கதையிலிருந்து கூத்துக்கும் ஒரு பாதை உண்டு. நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் புரிசை, தலைமுறை தலைமுறையாகக் கூத்து ஆடும் ஊர். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ், பெரிய சிறகுகள் கொண்ட கிழவன் ஒருவன் ஒரு வீட்டு முற்றத்தில் வந்து விழுவதைப் பற்றி எழுதிய சிறுகதையைப் புரிசைக் கூத்துக் கலைஞர்கள் தங்கள் பாணியில் ஆடியிருக்கிறார்கள். வானத்திலிருந்து ஆள் இறங்கி வருவது கூத்துக்குப் புதிதா என்ன? எந்த ஊர்க் கதையையும் இந்த ஊர்த் தெருவுக்குக் கொண்டுவரும் வலிமை அந்தக் களத்துக்கு இருக்கிறது.

வகுப்பறையில் செய்து பார்த்தவை

மறு ஆண்டு ஜூன் மாதத்தில் நான்கு செயல்பாடுகளைத் தொடங்கினேன். செலவு எதுவும் இல்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஒவ்வொன்றையும் முடிக்கலாம்.

ஒன்று, ஒரு பெஞ்சு விளையாட்டு. வகுப்பின் நடுவில் ஒரு பெஞ்சு. ஒரு மாணவர் அதைச் சுற்றி வந்து, பெயரைச் சொல்லாமல் தான் எங்கே இருக்கிறார் என்று நடையாலும் பேச்சாலும் காட்ட வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு இது ஒன்றே போதும். பெஞ்சைப் பலாமரம் ஆக்கிய குழந்தை, ஏறும்போது எறும்பைத் தட்டிவிட்டதைப் பார்த்தேன். அந்த எறும்புதான் விவரணை.

இரண்டு, கட்டியக்காரன் கேள்விகள். யார் நீ? எந்த ஊர்? எந்த வழியாக வந்தாய்? இங்கே உனக்கு என்ன வேலை? ஒருவர் கேட்க, மற்றவர் தான் உருவாக்கிய பாத்திரமாகப் பதில் சொல்வார். அந்தப் பதில்களைத் தொடர்ச்சியாக எழுதினால் கதையின் முதல் பத்தி கிடைத்துவிடும். 'எப்படித் தொடங்குவது டீச்சர்' என்ற கேள்வி அதோடு நின்றுவிட்டது.

மூன்று, வழிப்படம். மலைபடுகடாத்துக் கூத்தனைப் போல, நம் ஊருக்குப் புதிதாக வரும் ஒருவருக்கு வீட்டிலிருந்து பள்ளி வரை வழி எழுத வேண்டும். எந்தப் பாறை மழையில் வழுக்கும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம், எந்த நாய் குரைக்கும் ஆனால் கடிக்காது என்பதெல்லாம் வந்தன. 'எங்க ஊர்ல எழுத ஒண்ணும் இல்ல டீச்சர்' என்று சொன்ன பிள்ளைகளே இரண்டு பக்கம் எழுதினார்கள்.

நான்கு, விருந்தினர் கதை. இதிகாசப் பாத்திரம் ஒருவர் அந்த வழிப்படத்தில் உள்ள பாதையில் வருகிறார். அவருக்கு என்ன நேர்கிறது?

இங்கே ஒரு கேள்வி எழும். 'பீமன் நம் மலைக்கு வந்தான்' என்று எழுதவிட்டால் வரலாற்றுப் பாடத்தில் குழப்பம் வராதா? இந்த அச்சம் நியாயமானது. ஜமுனாமரத்தூர்ப் பகுதியில் பீமன் பெயரால் நீர்வீழ்ச்சி இருக்கிறது. கீழ்ச்சேப்பிளியில் உள்ள கற்திட்டைகளைக் குள்ளர் குகைகள் என்று மக்கள் சொல்கிறார்கள். அவை பெருங்கற்கால மக்கள் இறந்தோருக்காக எழுப்பிய சின்னங்கள் என்கிறது தொல்லியல். சமூக அறிவியல் வகுப்பில் தொல்லியல் சொல்வதைத்தான் எழுத வேண்டும். தமிழ் வகுப்பில் கதை எழுதும்போது அந்தக் குகைக்குள் ஒரு குள்ளர் குடும்பம் அடுப்பு மூட்டலாம். இரண்டும் எதற்காக, எங்கே என்று தெரிந்து எழுதுவதே கல்வி. ஆகவே ஏட்டின் மேல் 'தகவல்' அல்லது 'கதை' என்று மாணவர்களே குறித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். தகவல் என்றால் 'இது மெய்யா, எப்படித் தெரியும்?' என்று கேட்பேன். கதை என்றால் 'இது பொருந்துகிறதா?' என்று கேட்பேன். மார்கழியில் பீமன் அருவியில் குளித்தால் நடுங்க வேண்டும் அல்லவா?

புளியமரத்தடிச் சபை

விருந்தினர் கதையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி திரௌபதியை எழுதினாள். சபை எங்கே? தன் ஊர்ப் புளியமரத்தடியில். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். திரௌபதி நடுவில் நின்று, 'என்னைக் கேட்காமல் என்னை வைத்து எப்படி முடிவு செய்தீர்கள்?' என்று கேட்கிறாள். எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். கதை அங்கே முடிந்துவிட்டது.

அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "கதைதான் டீச்சர்" என்றாள். சிறிது நேரம் கழித்து, பத்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்றாள். புளியமரத்தடி அவளுக்குத் தெரிந்த இடம். அங்கே கேட்க முடியாத கேள்வியைக் கேட்பதற்குத்தான் அவளுக்குத் திரௌபதி தேவைப்பட்டாள்.

தலைமையாசிரியரும் நானும் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனோம். அதற்குள் அக்கா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். அவளைத் திரும்பக் கொண்டுவர எங்களால் முடியவில்லை. தங்கையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறுத்துவதில்லை என்று அவர்கள் அம்மா சொன்னார். சொன்னபடியே அவள் இன்று வரை பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறாள். அந்தக் கதை ஏட்டில் எழுதப்படாவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

கலைத் திருவிழாவுக்காக மாணவர்களைத் தயார் செய்யும்போது தெருக்கூத்தை ஐந்து நிமிட ஆட்டமாகக் கற்றுக்கொடுக்கிறோம். அதுவும் வேண்டும். அதோடு உங்கள் பகுதியின் கூத்துக் கலைஞர் ஒருவரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, வேடம் கட்டாமல், ஒரே ஒரு பெஞ்சை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஊரைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கதை எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பழைய கட்டுரை ஏட்டை மாணவனிடம் கேட்டு வாங்கினேன். என் சிவப்பு வட்டத்தை அழிக்கவில்லை. அதன் கீழே, 'ஆசிரியர் செய்த பிழை. வண்டி சரியான இடத்தில்தான் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மதிப்பெண்ணையும் திருத்திக் கொடுத்தேன். படித்துப் பார்த்தவன், "அப்ப மீதிக் கதையையும் எழுதட்டுமா டீச்சர்? அன்னிக்கு மாடு பாதி வழியில படுத்துக்கிச்சு" என்றான்.